திரையில் தெரியாத ஈரம்: ஆன்லைனில் நீர்வண்ணம் கற்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, பழைய மடிக்கணினி ஒன்றின் முன்னால் உட்கார்ந்து நீர்வண்ணம் கற்றவள் நான். இப்போது சனிக்கிழமைக் காலைகளில் ஜூம் வழியாக எட்டுப் பேருக்குச் சொல்லித் தருகிறேன். புதிதாக வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளாக இருப்பதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன். எண்ணெய் வண்ணமும் அக்ரிலிக்கும் இதில் இல்லை. அவற்றில் என் கை பழகியதில்லை.

எனக்கு ஒரு கோடுகூட ஒழுங்காக வராது. நான் சேரலாமா?

சேரலாம். முதல் இரண்டு மாதம் உங்களைப் பாடாய்ப் படுத்தப்போவது கோடு அல்ல, தண்ணீர். பென்சிலில் நன்றாக வரைகிறவர்கள் பலர் வண்ணத்துக்கு வந்ததும் கோட்டுக்குள் நிறத்தை அடைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்திலிருந்து அவர்களை வெளியே கொண்டுவருவது பெரும்பாடு. இருந்தாலும் கோட்டை ஒரேயடியாகக் கைவிட முடியாது. டம்ளர், எலுமிச்சம்பழம், வாசலில் கிடக்கும் செருப்பு என்று கண்ணில் படுவதைத் தினம் பத்து நிமிடம் வரைந்து வாருங்கள்.

யூடியூபில் எல்லாமே இலவசமாகக் கிடைக்கிறதே, எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

பார்ப்பதற்குப் பணம் கட்ட வேண்டாம். உங்கள் தாளை இன்னொருவர் பார்ப்பதற்குத்தான் பணம். இந்த ஒன்று கிடைக்காத வகுப்புக்கு நான் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டேன்.

பாப் ராஸ் என்ற அமெரிக்க ஓவியரின் தொலைக்காட்சி நிகழ்ச்சி 1983 முதல் 1994 வரை 403 பகுதிகள் ஒளிபரப்பாயிற்று. இன்றைக்கும் யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கிறது. அரை மணி நேரத்துக்குள் மலை, ஏரி, மரம் எல்லாம் வந்து நின்றுவிடும். பார்க்கிறவர்களுக்கு இரண்டு விஷயங்கள் தெரிவதில்லை. அவர் வரையத் தொடங்குவதற்கு முன்பே கேன்வாஸில் மெல்லிய ஈர வெள்ளை பூசப்பட்டிருக்கும். அதே படத்தை அவர் முன்பே ஒரு முறை வரைந்து, கேமராவுக்குத் தெரியாத இடத்தில் பார்வைக்கு வைத்திருப்பார். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. சொல்லித் தருகிற எவரும் அப்படித்தான் செய்வார்கள், நானும் செய்கிறேன். நீங்கள் முதல் முறையாக வரையும் படத்தை, ஆசிரியர் இரண்டாவது முறையாக வரையும் படத்தின் பக்கத்தில் வைத்து மனம் நொந்துகொள்ளாதீர்கள். அவ்வளவுதான்.

இலவசக் காணொளிகளில் இன்னொரு சிக்கல், வேகம். இருபது நிமிட வேலையை நான்கு நிமிடமாகச் சுருக்கியிருப்பார்கள். எண்ணெய் வண்ணத்தில் அது பரவாயில்லை. நீர்வண்ணத்தில் கற்க வேண்டிய விஷயமே காத்திருக்கும் நேரம்தான், அதைத்தான் வெட்டிவிடுகிறார்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும், முழு நேரமும் ஓடாத காணொளியைப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆசிரியர் செய்வதை அப்படியே செய்கிறேன். எனக்கு மட்டும் திட்டுத் திட்டாக வருகிறது. ஏன்?

வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் படியுங்கள்.

நான் முதலில் பின்தொடர்ந்த ஆசிரியர் இங்கிலாந்தில் இருந்தார். வானத்துக்கு நீலம் பூசிவிட்டு, “இரண்டு நிமிடம் பொறுத்திருங்கள், பிறகு மேகத்தின் அடிப்பகுதியைத் தொடுங்கள்” என்பார். நானும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் பொறுத்திருப்பேன். மே மாதம், சென்னை, தலைக்கு மேல் மின்விசிறி. இரண்டு நிமிடத்தில் தாள் அப்பளம் போலக் காய்ந்திருக்கும். தூரிகையை வைத்தால் மேகத்துக்குக் கத்தியால் வெட்டிய மாதிரி ஓரம் விழும். அதே பாடத்தை ஐப்பசி மழையில் செய்து பார்த்தேன். இரண்டு நிமிடம் கழித்தும் தாளில் குளம் நின்றது; மேகம் வானமெங்கும் ஓடிப்போயிற்று. அவர் சொன்னதில் தவறில்லை. அந்த இரண்டு நிமிடம் அவருடைய அறைக்கு உரியது. அடுத்த பூச்சுக்கு முன்னால் அவர் ஹேர் டிரையரை எடுத்துக் காயவைப்பதைப் பார்த்தபோதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது: அவருக்குக் காய்வது பிரச்சினை, எனக்குக் காயாமல் வைத்திருப்பது பிரச்சினை.

ஆகவே கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், தாளைப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் தாளில் சாய்வாக விழும்படி உட்கார்ந்து, கண்ணைத் தாள் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தால் நான்கு நிலைகள் தெரியும். முதலில் தண்ணீர் தேங்கிக் கண்ணாடி போல மின்னும். பிறகு தேக்கம் போய், பட்டுத் துணி போன்ற ஒரு மங்கலான பளபளப்பு மட்டும் இருக்கும். அடுத்து பளபளப்பு முழுவதும் போய்விடும். ஆனால் புறங்கையை வைத்தால் தாள் குளிர்ந்திருக்கும். கடைசியில் குளிர்ச்சியும் போய்விடும்.

மென்மையான மேகம், பனி, நீரில் விழும் நிழல் எல்லாம் இரண்டாம் நிலையில் நடக்கிற வேலைகள். மூன்றாம் நிலைதான் ஆபத்தானது. கண்ணுக்குக் காய்ந்தது போலிருக்கும், ஆனால் உள்ளே ஈரம் இருக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் மிகுந்த தூரிகையை வைத்தால், புதிய தண்ணீர் பழைய நிறமியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சுருள் சுருளாக விட்டுவிடும். காலிஃபிளவர் என்று சொல்கிறார்களே, அதுதான் இது. உங்கள் திட்டுகளில் பாதிக்கு மேல் இப்படி வந்தவையாகத்தான் இருக்கும். மூன்றாம் நிலையில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். போய்க் காபி போடுங்கள்.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. ஒரே தாளில் ஐந்து கட்டங்கள். ஐந்திலும் ஒரே நீலத்தைப் பூசுங்கள். முதல் கட்டத்தில் உடனே ஒரு சொட்டுப் பழுப்பு, அடுத்ததில் பளபளப்பு மங்கும்போது, அடுத்ததில் மங்கிய பிறகு என்று கடைசிக் கட்டம் வரை போங்கள். ஒவ்வொன்றின் கீழும் மின்விசிறி ஓடியதா, மழையா வெயிலா என்று குறித்து வையுங்கள். மறுநாளும் செய்யுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் வீட்டுக்கே உரிய ஈரக் கணக்கு கைக்கு வந்துவிடும். எந்த ஆசிரியரும் உங்களுக்கு எழுதித் தர முடியாத கணக்கு அது.

வெயில் காலத்தில் தாள் ஒரு நிமிடம்கூட ஈரமாக நிற்கவில்லையே?

மின்விசிறியை நிறுத்துங்கள் (வேர்க்கும், வேறு வழியில்லை). ஏசி அறையும் உதவாது. அதுவும் காற்றை உலர்த்தும். நான் செய்வது இது: தாளின் பின்பக்கத்தையும் நன்றாக நனைத்து, வீடு கட்டியபோது மிஞ்சிய வழுவழுப்பான தரை ஓட்டின் மேல் ஒட்டவைப்பேன். அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருப்பதால் வேலை செய்யப் போதுமான நேரம் கிடைக்கும். காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

திரையில் தெரியாத இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேமரா மேலிருந்து பார்ப்பதால் ஆசிரியரின் பலகை தட்டையாக இருப்பது போலத் தோன்றும். பல நேரம் அதன் மேல்விளிம்புக்கு அடியில் ஒரு புத்தகம் இருக்கும். அந்தச் சாய்வினால்தான் வண்ணம் கீழ்நோக்கி வழிந்து ஒரே சீராகப் படர்கிறது. தட்டையாக வைத்துக்கொண்டு அதே சீரை எதிர்பார்த்தால் கிடைக்காது.

என்னென்ன வாங்க வேண்டும்? எதில் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்?

தாளில் மிச்சம் பிடிக்காதீர்கள். மற்ற எல்லாவற்றிலும் பிடியுங்கள். புதிதாக வருகிறவர்கள் இதை நேர்மாறாகச் செய்வார்கள்: நாற்பத்தெட்டு நிறம் கொண்ட பெட்டியும், பள்ளிக்கூட டிராயிங் நோட்டும். மெல்லிய தாள் நனைந்ததும் நெளியும், பள்ளத்தில் வண்ணம் தேங்கும், இரண்டு முறை தேய்த்தால் திரி திரியாகப் பிரியும். பழி உங்கள் கையின் மேல் விழும்.

300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) கனமுள்ள தாள் வேண்டும். முடிந்தால் முழுப் பருத்தி. ஆர்ச்சஸ், ஃபேப்ரியானோ போன்ற இறக்குமதித் தாள்களின் விலையைக் கேட்டால் மூச்சு முட்டும். ஆனால் ஒரு முழுத் தாள் 22-க்கு 30 அங்குலம். அதை எட்டாகக் கிழித்தால் ஏழரைக்குப் பதினொன்று அளவில் எட்டுத் துண்டுகள். இரண்டு பக்கமும் பயன்படுத்தினால் பதினாறு படம். இப்படிப் பார்த்தால் ஒரு படத்தின் செலவு தாங்கக்கூடியதுதான். ஐந்து கட்டப் பயிற்சியையும் படத்துக்கு வைத்திருக்கும் அதே தாளில்தான் செய்ய வேண்டும். மலிவுத் தாளில் பழகிய ஈரக் கணக்கு நல்ல தாளுக்குப் பொருந்தாது.

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள்களைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். பார்க்க அழகானவை. ஆனால் கைத்தாள் எல்லாமே நீர்வண்ணத்துக்கு ஆகாது. பசைப்பூச்சு போதாத தாள் வண்ணத்தை ஒற்றுத்தாள் போல உறிஞ்சிவிடும். ஒரு தாள் மட்டும் வாங்கி, ஓரத்தில் ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தூரிகை: எட்டாம் எண் உருண்டை ஒன்று, நான்காம் எண் ஒன்று, ஓர் அங்குலத் தட்டை ஒன்று. செயற்கை இழையே போதும். ஒரு எச்சரிக்கை: கீரி முடித் தூரிகைகள் கடைகளில் கண்ணில் படலாம். கீரி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அந்தத் தூரிகையை விற்பதும் வாங்குவதும் குற்றம். நுனியில் கறுப்பு, நடுவில் வெளிர் நிறம், அடியில் மறுபடியும் கறுப்பு என்று முடி பட்டை பட்டையாக இருந்தால் தொடாதீர்கள்.

எத்தனை நிறம் வேண்டும்?

ஆறு போதும். எலுமிச்சை மஞ்சள், சற்றுச் சூடான மஞ்சள் ஒன்று, குயினாக்ரிடோன் ரோஜா, அல்ட்ராமரின் நீலம், தாலோ நீலம், பர்ன்ட் சியன்னா என்ற சுட்ட பழுப்பு. கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரினையும் சுட்ட பழுப்பையும் கலந்தால் வரும் சாம்பல், எந்தக் கறுப்புக் குழாயிலும் கிடைக்காத உயிருள்ள சாம்பல். நீலம் கூடினால் மழைமேகம், பழுப்பு கூடினால் பழைய ஓட்டுக் கூரையின் நிழல்.

வயல் பச்சைக்குக் குழாயில் வரும் பச்சையை நேரே பூசினால் பிளாஸ்டிக் வாளி நிறம்தான் வரும். எலுமிச்சை மஞ்சளில் தாலோ நீலத்தைக் கடுகளவு சேர்த்து, அதில் துளி சுட்ட பழுப்பைத் தொட்டுப் பாருங்கள். தாலோ பொல்லாத நிறம். கொஞ்சம் அதிகமானால் கிண்ணத்தையே விழுங்கிவிடும்.

குழாயின் முதுகில் உள்ள நிறமி எண்ணைப் பார்த்து வாங்கப் பழகுங்கள். பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், எண் மாறாது. அல்ட்ராமரின் என்றால் பி.பி.29. அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பின் எண் பி.ஆர்.83, பார்க்க அருமையாக இருக்கும், வெளிச்சத்தில் வெளுத்துவிடும். சந்தேகமாக இருந்தால் நிறத்தை ஒரு பட்டையாகப் பூசி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மேற்குப் பார்த்த ஜன்னலில் ஒட்டிவிட்டுச் சில மாதம் மறந்துவிடுங்கள். நம் ஊர் வெயில் தீர்ப்புச் சொல்லிவிடும்.

பதிவு செய்யப்பட்ட வகுப்பு நல்லதா, நேரலை வகுப்பு நல்லதா?

பதிவில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். நேரலையில் கேள்வி கேட்கலாம். வெளிநாட்டு நேரலை வகுப்புகள் நம் இரவு பதினொன்றரைக்குத் தொடங்கும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் கலந்த நிறம் காலையில் வேறாகத் தெரியும். நான் ஆறு மாதம் அப்படிக் கற்றேன், பரிந்துரைக்க மாட்டேன்.

“ஒவ்வொருவருக்கும் தனிக் கருத்து தரப்படும்” என்ற விளம்பரத்தை மட்டும் தோண்டிக் கேளுங்கள். நான் ஒரு முறை அதை நம்பிப் பணம் கட்டினேன். அனுப்பிய ஐந்து படங்களுக்கும் “அற்புதம், தொடருங்கள்” என்று ஒரே வரி வந்தது. ஐந்தாவதாக வேண்டுமென்றே தலைகீழாக அனுப்பியிருந்தேன். அதற்கும் அற்புதம்தான். பணம் கட்டுமுன், பழைய மாணவர் ஒருவருடைய படத்துக்கு ஆசிரியர் எழுதிய கருத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

படத்தை எப்படிப் புகைப்படம் எடுத்து அனுப்புவது?

காலை ஒன்பது பத்து மணிக்கு, நேர் வெயில் விழாத ஜன்னலோரம். ஃபிளாஷ் வேண்டாம். தாளின் நான்கு விளிம்பும் தெரியட்டும். வெறும் வெள்ளை தெரிந்தால்தான் மற்ற நிறங்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று பார்க்கிறவர் கணக்கிட முடியும். வாட்ஸாப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், இல்லையென்றால் நுணுக்கம் எல்லாம் நசுங்கிப் போய்விடும்.

படம் காய்ந்த பிறகு மட்டும் அனுப்பினால் போதாது. நடுவிலும் ஒன்று எடுங்கள். என் மாணவி ஒருவர் பித்தளைச் சொம்பு வரைந்து அனுப்பினார். சொம்பின் வயிற்றில் ஒரே சேறு. முடிந்த படத்தைப் பார்த்து ஆயிரம் காரணம் சொல்லலாம். அடுத்த வாரம் தொலைபேசியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து வரையச் சொன்னேன். பார்த்தால், ஒவ்வொரு முறை நிறம் தொட்டபோதும் தூரிகையைத் தண்ணீரில் முக்கிவிட்டுத் துடைக்காமல் அப்படியே தாளுக்குக் கொண்டுவந்தார். ஒரு பழைய பனியன் துணியை இடது கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அடுத்த சொம்பு பளிச்சென்று இருந்தது. “எப்படி இருக்கிறது” என்று கேட்காமல், “இந்த இடது ஓரம் ஏன் கலங்கிப் போனது” என்று கேட்டால் உங்களுக்கும் இப்படி உருப்படியான பதில் கிடைக்கும்.

பாடத்தில் வரைந்த படத்தில் என் கையெழுத்துப் போட்டு விற்கலாமா?

பழகுவதற்காகப் பார்த்து வரையலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். விற்பது வேறு விஷயம். அமைப்பும் கருத்தும் ஆசிரியருடையவை. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியரின் வாழ்நாளும் அதன் பின் 60 ஆண்டுகளும் உரிமை அவருக்கும் வாரிசுகளுக்கும் உண்டு. 1906-இல் மறைந்த ரவிவர்மாவைப் பார்த்து வரையத் தடை இல்லை. உங்கள் ஜூம் ஆசிரியரைப் பார்த்து வரைந்தால், படத்தின் பின்னால் “இன்னார் பாடத்திலிருந்து” என்று எழுதி வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள்.

சான்றிதழுக்கு மதிப்பு உண்டா?

சட்டம் போட்டு மாட்டலாம். பட்டம்தான் வேண்டுமென்றால் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரியின் வேர் 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளிக்குப் போகிறது. அங்கே ஆண்டுக்கணக்கில் நேரில் நின்று கற்கிறவர்களுக்குச் சமமாக ஆறு வார ஆன்லைன் வகுப்பை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், எடுத்துக்கொள்ளவும் கூடாது.

தஞ்சாவூர் ஓவியத்தை ஆன்லைனில் கற்க முடியுமா?

நான் அதில் மாணவி நிலையைத் தாண்டவில்லை. பலகை, சுண்ணத்தூள், பசை, கல், தங்க ரேக்கு எல்லாம் பெட்டியாக வீட்டுக்கே வந்துவிடுகின்றன. படியெடுப்பதும் கல் ஒட்டுவதும் திரையில் பார்த்தே பிடிபட்டன. மக்கு வேலையில்தான் மாட்டிக்கொண்டேன். சுண்ணத்தூளையும் பசையையும் குழைத்துப் புடைப்பாக இழுக்க வேண்டும். தளர்ந்தால் பரந்துவிடும், இறுகினால் காய்ந்து வெடிக்கும். “தோசை மாவுப் பதம்” என்றார் ஆசிரியர். யார் வீட்டுத் தோசை மாவு? மூன்று பலகை வீணான பிறகு, தெரிந்த ஓர் அம்மாள் வீட்டுக்குப் போய் அவர் கிண்ணத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. அதற்காக ஒரு நாள் நேரில் போய் வருவதை ஒரு குறையாக நினைக்காதீர்கள்.

அறுபது வயதாகிறது. கை லேசாக நடுங்குகிறது.

பெரிய தூரிகை, பெரிய தாள், முழங்கையிலிருந்து அசைவு. நுணுக்க வேலையை விட்டுவிடுங்கள். வானமும் கடலும் வரையுங்கள். அவற்றுக்கு நடுக்கம் தெரியாது.

நான்கு வகுப்புகள் வாங்கி வைத்திருக்கிறேன், ஒன்றையும் முடிக்கவில்லை. ஐந்தாவது வாங்கலாமா?

வேண்டாம். தள்ளுபடி நாளைக்கும் வரும். இருக்கும் நான்கில் பிடித்த ஒரே ஒரு பாடத்தை எடுத்து, பார்த்து ஒரு முறை, பார்க்காமல் ஒரு முறை, பிறகு உங்கள் மொட்டைமாடியில் தெரியும் வேறு காட்சிக்கு அதே முறையை வைத்து ஒரு முறை வரையுங்கள். மூன்றாவதில் தடுமாறுவீர்கள். எந்த இடத்தில் தடுமாறினீர்களோ அதுதான் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

மழைக்காலத்தில் வண்ணக் கட்டிகளில் பூசணம் பிடிக்கிறது. தாளிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுகிறது.

ஈரம் காயுமுன் பெட்டியை மூடியிருப்பீர்கள். பூசணத்தை ஈரத்துணியால் வழித்து எடுத்துவிட்டு, பெட்டியைத் திறந்தபடியே நன்றாகக் காயவிடுங்கள். இனி ஒவ்வொரு முறையும் காய்ந்த பிறகு மூடுங்கள்.

தாளில் விழும் புள்ளி வேறு நோய். தாளின் மேல் இருக்கும் பசைப்பூச்சு ஈரக்காற்றில் கெட்டுப்போய், அந்த இடங்கள் வண்ணத்தை ஒரே மடக்கில் உறிஞ்சிக்கொள்கின்றன. அல்லது வாங்கவே மறுக்கின்றன. காயும்வரை தெரியாது, தெரிந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. புதுத் தாளை வாங்கியதும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, அலமாரியில் மேல் தட்டில், சுவரை ஒட்டாமல் வையுங்கள். ஒரு வருடத்துக்குத் தேவையானதைச் சேர்த்து வாங்காதீர்கள். கெட்ட தாளைத் தூக்கிப் போட வேண்டாம், பென்சிலுக்கு ஆகும். எங்கள் வீட்டு மளிகைக் கணக்கு இரண்டு மாதமாக ஆர்ச்சஸ் தாளில்தான் எழுதப்படுகிறது.